நடுவில் இருப்பவருக்குச் சூடு சேராது

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, தஞ்சாவூரில் கலைத்தட்டு, கும்பகோணத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பாத்திரக்கடை. எங்கள் திருவிடைமருதூரிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் ஏதாவது ஓர் உலோகம் காலில் இடறும். ரசத்துக்கு ஈயச்சொம்பு, காபிக்குப் பித்தளை ஃபில்டர், தண்ணீருக்குச் செம்பு, மிச்சம் எல்லாவற்றுக்கும் எவர்சில்வர். கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்ப்பதைவிட அதிக நேரம் சீர்ப்பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிற வட்டாரம் இது. இப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு பெட்டி வந்து இறங்கி, முதல் நிபந்தனையாக ‘உலோகம் கூடாது’ என்று சொன்னால் அதற்கு என்ன மரியாதை கிடைக்கும்?

எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைச் சென்னையிலிருந்து அனுப்பியவன் என் தம்பி. “அம்மா இனிமே அடுப்பங்கரையில நிக்கவே வேண்டாம். பட்டனை அமுக்கிட்டு சீரியல் பார்க்கலாம்” என்று போனில் சொன்னான். அந்த வாக்கியத்தில் பட்டனைப் பற்றிய பகுதி மட்டும்தான் உண்மை. நிற்க வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் பொருள்களில், ஆளைப் பக்கத்திலேயே நிறுத்திவைப்பதில் இதற்கு ஈடு கிடையாது.

பெட்டியை முதலில் பரிசோதித்தவர் பெரியப்பா. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்குள் எந்தச் சாமான் வந்தாலும் அவர் பிளக்கைத்தான் பார்ப்பார். இதற்கு 16 ஆம்பியர் பிளக். “பெட்டி மேல 800 வாட்டுனு போட்டிருக்கான். அது சோத்துக்குப் போறது. சுவத்துலேர்ந்து இழுக்கறது ஆயிரத்து இருநூறு வரும். நடுவுல நானூறை இதுவே சாப்பிட்டுடும்” என்றார். அவர் சொன்னது சரி. அதைவிடச் சரியானது அடுத்துச் சொன்னது: சாயங்காலம் ஊரே மோட்டாரும் ஏ.சி.யும் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் சாதாரண வகை மைக்ரோவேவின் சூடும் கூடவே இறங்கிவிடும். புத்தகத்தில் ‘இரண்டு நிமிடம்’ என்று போட்டிருப்பது முழு வோல்டேஜ் உள்ள வீட்டுக்கு.

உலோக விவகாரத்துக்கு வருவோம். அம்மாவுக்கு அது புரியவே இல்லை. தீயில் நிற்கிற பாத்திரம் இதில் ஏன் நிற்காது? காரணம், இதில் சூடாக்குவது தீ இல்லை, மைக்ரோவேவ் என்ற அலை. அது உலோகத்தில் பட்டால் உள்ளே போகாது, திரும்பிவிடும். எவர்சில்வர் டப்பாவுக்குள் இருக்கும் சாம்பாருக்கு மூடியும் சுவரும் குடை பிடித்த மாதிரி ஆகிவிடும். கூர்மையான விளிம்போ மெல்லிய உலோகப் பூச்சோ இருந்தால் பொறியும் கிளம்பும். இதை நிரூபிக்க எங்கள் வீட்டில் ஆய்வகம் தேவைப்படவில்லை. கல்யாணப் பரிசாக வந்த பீங்கான் கோப்பைகளில் ஒன்றை அக்கா மகன் பாலோடு உள்ளே வைத்தான். கோப்பையின் வாயில் மயிரிழை அளவுக்குத் தங்க வளையம். பெட்டிக்குள் படபடவென்று தீபாவளி. “பீங்கான்தானே பாட்டி!” என்று அவன் வாதாடினான். பக்கத்து ஊர் திருபுவனம் பட்டு நெய்கிற ஊர். அம்மா ஒரே வரியில் முடித்தாள்: “சரிகை இருந்தா உள்ளே விடாதே.”

அப்படியானால் எது ஆகும்? தடித்த கண்ணாடிக் கிண்ணம், சரிகை இல்லாத பீங்கான், மைக்ரோவேவுக்கு ஆகும் என்று அடியில் குறித்திருக்கும் பிளாஸ்டிக். ஐஸ்கிரீம் டப்பாவும் ஓட்டல் பார்சல் டப்பாவும் ஆகாது. மெலமின் தட்டும் கூடாது. அது சோற்றை விட்டுவிட்டுத் தானே சூடாகும். சந்தேகமான கிண்ணத்துக்கு ஒரு சோதனை உண்டு. காலிக் கிண்ணத்தை வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். தண்ணீர் சுட்டு, கிண்ணம் குளிர்ந்திருந்தால் அது நம்ம ஆள். கிண்ணம் சுட்டால் அதைக் கோலமாவு போட்டுவைக்க எடுத்துக்கொள்ளலாம். பாத்திரம் உறுதியானதும் மூடியைப் பற்றிய கவலை எங்கள் ஊரில் யாருக்கும் வேண்டாம். கொல்லையில் வாழை இருக்கிறது. கிண்ணத்தின் மேல் ஓர் இலைத்துண்டு. ஆவி உள்ளே சுற்றும், ஓரத்தில் கொஞ்சம் வெளியேறும், சோற்றுக்கு வாசனையும் வரும்.

ஆரம்பத்தில் பெட்டி ஓடும்போதெல்லாம் பெரியப்பா கூடத்துத் தூணுக்குப் பின்னால் நிற்பார். “கதிர்வீச்சு” என்பார். இந்த அலை ரேடியோ அலையின் உறவுக்காரன். எக்ஸ்ரே குடும்பம் இல்லை. கதவில் பொடிப்பொடித் துளைகளுடன் ஓர் உலோகத் தகடு இருக்கிறதே, அதுதான் காவல். அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அவ்வளவு நீளமானது மில்லிமீட்டர் அளவுள்ள துளையில் நுழைய முடியாது. வெளிச்சத்தின் அலை மிகச் சின்னது, நுழைந்துவிடும். அதனால்தான் உள்ளே சோறு சுற்றுவதைப் பார்க்க முடிகிறது, பார்க்கிறவர் வேகாமல் இருக்க முடிகிறது. கதவு கோணலாகி இடைவெளி விட்டிருந்தாலோ தாழ்ப்பாள் ஒழுங்காக விழாவிட்டாலோ மட்டும் ஓட்டக்கூடாது. இதையெல்லாம் சொன்ன பிறகு பெரியப்பா தூணுக்கு முன்னால் வந்தார். ஆனால் பெட்டி ஓடும்போது வைஃபை தள்ளாடி, அவர் பார்க்கும் கோயில் வீடியோ பாதியில் சுற்றிக்கொண்டே நிற்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன. “ஒரே கம்பத்துல ரெண்டு லைன்” என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

இந்தப் பெட்டியின் பூர்வீகம் சமையலறை கிடையாது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தைத் தேடிய ராடாருக்குள் இருந்த மேக்னட்ரான் என்ற குழாய்தான் இதன் இதயம். அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் அந்தக் குழாயோடு மல்லுக்கட்டிய பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிப்போனது. பள்ளிப் படிப்பையே முடிக்காத மனிதர் அவர். அந்த அலையால் உணவைச் சூடாக்கும் முறைக்கு 1945இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். 1947இல் வந்த முதல் அடுப்பு ஆளுயரம், எடை 340 கிலோ. எங்கள் வீட்டில் அதை வைக்க வேண்டுமென்றால் நெல் குதிரை வெளியே எடுத்திருக்க வேண்டும். மேடையில் வைக்கிற அளவுக்குச் சுருங்கி வீடுகளுக்குள் வர 1967 ஆயிற்று.

அலை செய்வது இவ்வளவுதான்: உணவிலுள்ள தண்ணீர் மூலக்கூறுகளை வினாடிக்கு 245 கோடி தடவை அப்படியும் இப்படியும் திருகப் பார்க்கிறது. அந்தத் தள்ளுமுள்ளில் சூடு பிறக்கிறது. ‘உள்ளேயிருந்து வெளியே வேகும்’ என்று பலர் சொல்வது தவறு. அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போவதற்குள் களைத்துவிடும். அதற்கும் உள்ளே இருப்பது, பக்கத்துச் சோறு கொடுக்கிற சூட்டை வாங்கித்தான் பிழைக்க வேண்டும். போதாததற்கு, பெட்டியின் சுவர்களில் அலைகள் மோதித் திரும்பி ஒன்றோடொன்று கலக்கும்போது சில இடங்களில் பலம் கூடுகிறது, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஓர் இடத்தில் கொதி, இரண்டு விரற்கடை தள்ளிப் பச்சைத்தண்ணீர். தட்டு சுற்றுவது இதற்காகத்தான்.

“தட்டுதான் சுத்துதே, அப்புறம் ஏன் நடுச்சோறு ஜில்லுனு இருக்கு?” என்று அம்மா கேட்டாள். பெரியப்பா யோசிக்கவே இல்லை. “நம்ம கோயிலைப் பாரேம்மா. அசுவமேதப் பிராகாரத்தைச் சுத்தறவனுக்குத்தான் புண்ணியம். நடுவுல மூலவர் மகாலிங்கம் இடத்தை விட்டு அசையறதில்லை. அவருக்கு அது தேவையுமில்லை. சோறு மகாலிங்கமா?”

பௌதிகப் பேராசிரியர் ஒருவரால்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தட்டின் ஓரத்தில் இருப்பது வலம் வரும்போது சூடான இடம், குளிர்ந்த இடம் எல்லாவற்றையும் கடந்து சராசரிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. நட்டநடுவில் இருப்பது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அதே இடத்தில் கிடக்கிறது. அது குளிர்ந்த இடமாக அமைந்துவிட்டால் கதி அதோகதி. ஆகவே முதல் விதி, நடுவைக் காலியாக விடு. திருவிடைமருதூர் மகாலிங்கத்தைச் சுற்றிச் சுவாமிமலையில் முருகன், திருவலஞ்சுழியில் பிள்ளையார், திருவாவடுதுறையில் நந்தி, ஆலங்குடியில் தட்சிணாமூர்த்தி என்று பரிவாரத் தலங்களைச் சொல்வார்கள். அம்மா இட்லிகளை அந்தக் கிரமத்தில்தான் வைக்கிறாள். சுற்றிலும் பரிவாரம், நடுவில் வெற்றிடம். சோற்றையும் குவிக்காமல் பரப்பி, நடுவில் குழி விடுகிறாள். கத்தரிக்காய், கிழங்கு மாதிரி ஒரு பக்கம் பருமனாக இருப்பவற்றின் பருமனான பக்கம் வெளியே, மெலிந்த பக்கம் உள்ளே.

பிளஸ் டூ படிக்கும் அக்கா மகளுக்கு இந்த விளக்கம் போதவில்லை. சூடான இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். அதற்கு உலகத்திலேயே பொருத்தமான கருவி அப்பளம். சுழல்தட்டை எடுத்துவிட்டு, அச்சின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி, சுற்றவிடாமல் கொஞ்ச நேரம் ஓட்டினாள். எல்லா இடமும் பொரியவில்லை. இங்கே ஒரு கொப்புளம், அங்கே ஒரு கொப்புளம், இடையில் சுண்ணாம்பு மாதிரிப் பச்சை அப்பளம். பக்கத்துப் பக்கத்துக் கொப்புளங்களின் நடுவே அடிக்குச்சி வைத்து அளந்தாள். ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். அது பாதி அலைநீளம். முழு அலைநீளம் 12. அதை வினாடிக்கு 245 கோடியால் பெருக்கினால் வருவது வினாடிக்கு 2,94,000 கிலோமீட்டர்.

“பெரிய தாத்தா, இதுதான் ஒளியோட வேகம்!”

பெரியப்பா அவளுடைய புத்தகத்தைப் புரட்டினார். அதில் 2,99,792 என்று இருந்தது. “அஞ்சாயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்திரெண்டு கிலோமீட்டர் குறையுதே” என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொப்புளத்தின் நடு எது என்பதை அடிக்குச்சியால் அவ்வளவு நுணுக்கமாக அளக்க முடியாது என்று அவள் விளக்கினாள். அவர் ஏற்கவில்லை. “லோ வோல்டேஜ்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பொரிந்த பகுதியை மட்டும் உடைத்துத் தின்றுவிட்டுப் போனார்.

இரண்டாவது விதி, பாதியில் நிறுத்திக் கிளறு. ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளி, நடுவில் இருப்பதை ஓரத்துக்கு இழுக்க வேண்டும். கிளற முடியாத இட்லி, கொழுக்கட்டை வகையறாவை இடம் மாற்றித் திருப்பி வைக்க வேண்டும். மூன்றாவது விதி, ‘டிங்’ என்றதும் பாயாதே. ஒன்றிரண்டு நிமிடம் மூடியபடி வைத்தால் வெளிப்புறச் சூடு உள்ளே பரவும். சமையல் பாதி நடப்பது அந்த நேரத்தில்தான். ஆனால் ‘டிங்’ சத்தத்துக்கும் எங்கள் வீட்டு ஆண்களின் கைகளுக்கும் ஏதோ கம்பித் தொடர்பு இருக்கிறது. அந்த ஒன்றிரண்டு நிமிடத்தைக் காப்பாற்ற அம்மா பெட்டிக்குக் குறுக்கே முதுகைக் காட்டி நிற்கிறாள். சீரியல் கூடத்தில் தனியாக ஓடுகிறது.

பவர் விசைக்கு ஒரு விளக்கம் தேவை. பாதிப் பவர் என்றால் கேஸ் அடுப்பைச் ‘சிம்’மில் வைத்த மாதிரி என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலான பெட்டிகளில் அப்படி இல்லை. மேக்னட்ரானுக்கு முழு வேகம் தெரியும், சும்மா இருக்கத் தெரியும், நடுத்தரம் தெரியாது. பாதிப் பவரில் பாதி நேரம் முழுமூச்சாக ஓடும், மீதி நேரம் தட்டு மட்டும் சுற்றும். காதைக் கொடுத்தால் உறுமலும் மௌனமும் மாறிமாறி வருவது கேட்கும். அந்த மௌனத்தில்தான் சூடு பரவுகிறது. கெட்டிக் குழம்பு, பருப்பு, பால் எல்லாவற்றுக்கும் இதுவே பாதுகாப்பு. முழுப் பவரில் வைத்த பால் கண் மூடித் திறப்பதற்குள் பொங்கித் தட்டை நிரப்பும். தை முதல் நாளாக இருந்தாலும் ‘பொங்கலோ பொங்கல்’ என்று யாரும் கத்துவதில்லை. கரித்துணியைத் தேடி ஓடுகிறோம்.

ஃப்ரீசரில் இருந்த மீனுக்கும் இதே பொறுமை வேண்டும். பனிக்கட்டி இந்த அலையை லட்சியமே செய்யாது. தண்ணீர்தான் வாங்கிக்கொள்ளும். வஞ்சிரத்துண்டின் ஒரு மூலை உருகிவிட்டால் அலையெல்லாம் அந்த மூலைக்கே சேவகம் செய்யும். மூலை வெந்து நாரான பிறகும் நடுவில் கத்தி இறங்காது. குறைந்த பவரில் விட்டுவிட்டு உருக்கி, உருகியதும் உடனே குழம்பில் போட்டுவிட வேண்டும். அரைகுறையாக வெதுவெதுத்த மீனை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வைத்தால் கிருமிகள் ‘இப்போதே பார்க்கிறோம்’ என்று கிளம்பிவிடும்.

ஆனால் இந்த நெல்வயல் தேசத்தில் ஆபத்தான பொருள் மீன் இல்லை, சோறு. ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கிருந்து வந்த ஏடிடி 43 நெல் என்றால் தஞ்சாவூர் ஜில்லாவில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அரிசியோடு ஒட்டிக்கொண்டே வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியைப் பெரியவர்களுக்கும் தெரியாது. உலை கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதன் விதைத்துகள் பிழைத்துக்கொள்ளும். வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு கொதிசூட்டுக்கும் அசையாது. அதாவது, மத்தியானச் சோற்றை ராத்திரி எவ்வளவு ஆவி பறக்கச் சுடவைத்தாலும் கிருமிதான் போகும், வாந்தி போகாது.

இதைக் கேட்டதும் பெரியப்பா கிழக்குக் கோபுரத்துப் பக்கம் கையைக் காட்டினார். வரகுணபாண்டியனின் குதிரைக் குளம்பில் ஓர் அந்தணன் மாட்டி இறந்தான். ஆள் செத்தான், தோஷம் சாகவில்லை. அது அரசனைத் தொடர்ந்து வந்து கிழக்கு வாசலில் உட்கார்ந்துகொண்டது, அவர் மேற்கு வாசல் வழியாகத் தப்பினார் என்பது தலபுராணம். இன்றும் கிழக்கே நுழைந்தவர் கிழக்கே திரும்புவதில்லை. “அவருக்காவது மேற்கு வாசல் இருந்தது. வயித்துக்கு?” என்றார். எனவே வழி ஒன்றுதான், தோஷம் பிடிக்காமலே பார்த்துக்கொள்வது. மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். எடுத்தால் தண்ணீர் தெளித்து, மூடி, கிளறி, நடுச்சோறும் ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு 74 டிகிரி. ஒரு தடவை சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்கக்கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிற்கும் நாளில் முந்தின நாள் சோற்றை நம்பவே கூடாது. தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழையது வேறு கதை. அதைச் சுடவைக்க நினைத்த மனிதன் இந்த டெல்டாவில் இன்னும் பிறக்கவில்லை.

வெடிக்கும் சாமான்களையும் சொல்லிவிட வேண்டும். முட்டை முதல் இடம். வேகவைத்த முட்டையைக்கூட முழுசாகச் சுடவைக்கக்கூடாது. உள்ளே ஆவி அடைபட்டுக் காத்திருக்கும், பல் பட்டதும் வெடிக்கும். ஸ்பென்சர் காலத்திலேயே பக்கத்தில் குனிந்து பார்த்தவர் முகத்தில் ஒரு முட்டை வெடித்ததாகச் சொல்வார்கள். முழுக் கத்தரிக்காய், சர்க்கரைவள்ளி போன்றவற்றை முள்கரண்டியால் நாலு இடம் குத்திவிட்டு வைக்க வேண்டும். இறுக மூடிய டப்பா எதுவும் ஆகாது. வழவழப்பான கோப்பையில் வெறும் தண்ணீர் ஒரு நயவஞ்சகன். கொதிநிலையைத் தாண்டியும் குமிழி விடாமல் சாதுவாக இருக்கும். காபித்தூளைப் போட்டதும் மொத்தமாகக் குதித்துக் கையில் பாயும். முன்னதாகவே ஒரு மரக்கரண்டியைப் போட்டுவைத்தால் குமிழிக்கு இடம் கிடைக்கும். குழந்தையின் பால்புட்டியை இதில் வைக்கவே கூடாது. புட்டி குளிர்ந்திருக்கும், உள்ளே ஒரு மடக்கு கொதித்திருக்கும். சுடுதண்ணீர்ச் செம்பில் நிறுத்தினால் போதும்.

இதனால் ஆகாத காரியங்களும் உண்டு. தண்ணீரை நம்பிச் சமைக்கும் பெட்டிக்குக் கொதிசூட்டைத் தாண்டுவது கஷ்டம். அதனால் முறுகல் வராது, சுட்ட வாசனை வராது. மத்தியான மெதுவடை இதில் போய்வந்தால் முதலில் பஞ்சு, ஆறியதும் தோல். சுட்ட கத்தரிக்காய்த் துவையல் வெறும் கத்தரிக்காய்த் துவையலாகிவிடும். டிகிரி காபியை மறுசூடு செய்யலாமா என்று கேட்டவனை அம்மா பார்த்த பார்வை சுமார் 800 வாட் இருக்கும்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் ஒரு பெட்டி வாங்க ஆசை. “ஏன் பெரியம்மா, சோறு சுடவைக்க எத்தனை நிமிஷம்?” என்று அம்மாவிடம் விசாரித்தார்.

“எவ்வளவு சோறு? ஃப்ரிட்ஜுலேர்ந்தா, வெளியிலேர்ந்தா? கிண்ணம் ஆழமா, அகலமா? தண்ணி தெளிச்சாச்சா? நடுவுல குழி விட்டாச்சா? உங்க வீட்டுல கரெண்ட்டு எப்படி?”

“இத்தனை கேள்விக்கு அடுப்புலயே வெச்சுடலாம் போலிருக்கே!”

“அடுப்புக்கும் இதே கேள்விதாண்டி. நாப்பது வருஷமா கேக்காமயே பதில் சொல்லிட்டிருந்தோம். இது வாயைத் தொறந்து கேக்க வெக்குது.”

அக்கா வாங்கிவிட்டார். பிளக் பாயின்டைச் சரிபார்க்கப் பெரியப்பா போயிருக்கிறார். கையில் டெஸ்டர், கக்கத்தில் ஒரு கட்டு அப்பளம், சட்டைப்பையில் அடிக்குச்சி. எந்த வீட்டில் ஒளி வேகமாகப் போகிறது என்று பார்த்துவிட வேண்டுமாம்.